நிறுவனம் கைமாறினால் திறமூல மென்பொருள் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெரிய நிறுவனம் இன்னொன்றை வாங்கப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், அன்று மாலையே இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறோம். திறமூலம் என்றால், நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதி உள்ள மென்பொருள். பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படை ஒரே நிகழ்வு: கணினி நிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் தரவுதள நிறுவனமான ஆரக்கிள் வாங்கியது. 2009 ஏப்ரல் 20 அன்று அறிவித்தார்கள், 2010 ஜனவரி 27 அன்று முடித்தார்கள். விலை சுமார் 740 கோடி டாலர். மைஎஸ்கியூஎல் தரவுதளம், ஜாவா நிரல்மொழி, ஓபன்ஆபீஸ் அலுவலகத் தொகுப்பு, ஓபன்சோலாரிஸ் இயங்குதளம், நிரலாளர் கருவிகளான ஹட்சன், விர்ச்சுவல்பாக்ஸ், நெட்பீன்ஸ் எல்லாம் ஒரே நாளில் ஒரே கைக்குப் போயின. அதன் பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போனது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிட்டா, நான் இன்னைக்கு ஓட்டிக்கிட்டு இருக்கிற மென்பொருள் நின்னு போயிடுமா?

நிற்காது. உங்கள் சர்வரில் இருக்கும் பிரதியை எந்த உரிமத்தின்கீழ் பெற்றீர்களோ, அந்த உரிமம் அப்படியே தொடரும். மாறக்கூடியவை இனிமேல் வரவேண்டியவைதான்: அடுத்த பதிப்பு, பாதுகாப்புத் திருத்தம், தரவிறக்கும் இடம், ஆவணங்கள், பிழை சொன்னால் பதில் சொல்ல ஓர் ஆள்.

அவசரப்படவும் தேவையில்லை, அசட்டையாக இருக்கவும் கூடாது. அறிவிப்புக்கும் கைமாற்றத்துக்கும் இடையே பல மாதங்கள் போகும் (சன் விஷயத்தில் ஒன்பது மாதம்). அந்த இடைவெளியில் பெரிதாக எதுவும் மாறாது. அதற்குப் பிறகுதான் கவனிக்க வேண்டும். ஆரக்கிள் கைக்கு வந்த ஏழாவது மாதம் ஓபன்சோலாரிஸ் நின்றது, எட்டாவது மாதம் ஓபன்ஆபீஸ் பிளந்தது, ஓராண்டு நிறைந்தபோது ஹட்சன் பிரிந்தது. லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட்டை ஐபிஎம் வாங்கி முடித்தது 2019 ஜூலையில். ரெட்ஹேட் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8ஐ முன்கூட்டியே நிறுத்தும் அறிவிப்பு வந்தது 17 மாதம் கழித்து.

திறமூலம்னா யாருக்கும் சொந்தம் இல்லைதானே? அப்புறம் எதைத்தான் காசு கொடுத்து வாங்குறாங்க?

இந்தக் குழப்பம்தான் மற்ற எல்லாக் குழப்பங்களுக்கும் வேர். திறமூல நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு, அதற்கு உரிமையாளரும் உண்டு. அவர் நமக்கெல்லாம் தாராளமான அனுமதி கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். வாங்குபவர் கைக்கு முதலில் போவது அந்தப் பதிப்புரிமை. இரண்டாவது, பெயரும் சின்னமும். வணிகச்சின்னச் சட்டம் தனி. நிரலுக்குக் கொடுத்த உரிமம் பெயரைப் பயன்படுத்த அனுமதி தராது.

மூன்றாவது இடம்: இணையதளத்தின் டொமைன், நிரல் இருக்கும் களஞ்சியத்தின் நிர்வாக உரிமை, பில்ட் சர்வர்கள், வெளியீடுகளில் கையொப்பமிடும் சாவி. நான்காவது ஆட்கள். அவர்கள் பொருள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் அந்த நிரலை எழுதிக்கொண்டிருந்த பத்துப் பேர் இனி யார் சொல்லும் வேலையைச் செய்வார்கள் என்பது மற்ற மூன்றையும்விடப் பெரிய விஷயம். செய்தி வரும்போதெல்லாம் இந்த நான்கும் யார் கையில் இருக்கின்றன என்று தனித்தனியாகப் பாருங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த நான்கைச் சுற்றியே வரும்.

ஏற்கெனவே கொடுத்த உரிமத்தைப் புது முதலாளி திரும்பப் பிடுங்க முடியுமா?

நீங்கள் நிபந்தனைகளை மீறாதவரை முடியாது என்பதே நடைமுறை. பரவலாகப் பயன்படும் திறமூல உரிமங்களில் ஜிபிஎல் 3, அப்பாச்சி 2.0 இரண்டும் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஜிபிஎல் 2, நிபந்தனையை மீறியவரின் உரிமம் மட்டுமே ரத்தாகும் என்கிறது. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் இதைப்பற்றி வாய்திறக்கவில்லை. வழக்கறிஞர்கள் வாதிட இடம் உண்டு. ஆனாலும் உலகமே அவற்றையும் திரும்பப்பெற முடியாதவையாகத்தான் நடத்துகிறது.

அதே உரிமையாளர் நாளை எழுதும் நிரலை வேறு உரிமத்தில் வெளியிடலாம், வெளியிடாமலே வைத்துக்கொள்ளலாம். அந்த நாளுக்கு முன் வந்தது உங்களுடையது, பின் வருவது அவருடையது. அந்தக் கோடு எந்தத் தேதியில், எந்த கமிட்டில் (களஞ்சியத்தில் பதிவான நிரல் மாற்றத்தில்) விழுந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அப்படின்னா ஓபன்சோலாரிஸை மட்டும் எப்படி மூடினாங்க?

மேலே சொன்ன கோட்டைப் போட்டுத்தான். சன் 2005இல் சோலாரிஸ் நிரலை சிடிடிஎல் உரிமத்தில் வெளியிட்டது. வெளியாட்கள் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பும்போது பதிப்புரிமையை சன்னோடு பகிரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதனால் முழு நிரலையும் எந்த உரிமத்திலும் வெளியிடும் அதிகாரம் சன்னிடம் இருந்தது, பிறகு ஆரக்கிளுக்குப் போனது. 2010 ஆகஸ்ட் 13 அன்று கசிந்த உள்சுற்றறிக்கை, அன்றாட நிரல் வெளியீடு இனி இல்லை என்றது. பத்து நாளில் ஓபன்சோலாரிஸ் ஆட்சிக்குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. 2011 நவம்பரில் வந்த சோலாரிஸ் 11 மூடிய மென்பொருள்.

அதுவரை வெளியானதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்துதான் இல்லுமோஸ் வந்தது, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையும் ஓபன்இசட்எஃப்எஸ் என்று தனியாக வளர்ந்தது. கோடு எங்கே விழுந்தது என்பதை வட்டிலேயே பார்க்கலாம். வெளியான நிரலில் இசட்எஃப்எஸ் பூலின் (வட்டுகளைச் சேர்த்து அமைக்கும் சேமிப்புத் தொகுதியின்) பதிப்பு 28இல் நின்றது. ஆரக்கிள் தன் பக்கம் 29, 30 என்று எண்ணிக்கொண்டு போனது; ஓபன்இசட்எஃப்எஸ் எண்ணுவதை விட்டு 5000 என்று குறித்து, ஒவ்வொரு வசதியையும் தனிக்கொடியாக வைத்தது. சோலாரிஸ் 11இல் பூலை 28க்கு மேல் உயர்த்திவிட்டால் இல்லுமோஸிலோ லினக்ஸிலோ அதை ஏற்ற முடியாது, இறக்கவும் வழியில்லை. புதிய பூல் அமைத்து கோப்பு கோப்பாக நகலெடுக்க வேண்டியதுதான்.

பேட்ச் அனுப்பும்போது ஒரு ஒப்பந்தத்தில கையெழுத்து கேக்கிறாங்க. போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். பார்க்கவேண்டியது ஒரே வரி: உங்கள் நிரலை வேறு உரிமங்களிலும் வெளியிடும் உரிமையை அந்த நிறுவனத்துக்குத் தருகிறீர்களா? தருகிறீர்கள் என்றால், நாளை நிறுவனத்தை வாங்குபவருக்கும் அதே உரிமை போகும். ஓபன்சோலாரிஸ் அப்படித்தான் மூடப்பட்டது.

இதற்கு மாற்று, லினக்ஸ் கர்னல் 2004 முதல் கடைப்பிடிக்கும் முறை. ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் ‘இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு’ என்று உறுதிகூறும் ஒரு கையொப்ப வரி. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். லாபநோக்கமற்ற அறக்கட்டளை ஒன்று ஒப்பந்தம் கேட்டால் ஆபத்து குறைவு. லாபநோக்குள்ள நிறுவனம் கேட்டால், அதை வாங்கப்போகிறவருக்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎல் உரிமம் இருந்தா பாதுகாப்புதானே?

உரிமத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. நிரலை மாற்றி வெளியிடுபவர் அதையும் அதே உரிமத்தில் தரவேண்டும் என்று ஜிபிஎல் கட்டுப்படுத்துவது உரிமம் பெற்றவர்களை. முழுப் பதிப்புரிமையும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால் அந்த நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. லினக்ஸ் கர்னலை யாராலும் மூட முடியாததற்குக் காரணம், ஜிபிஎல்லோடு சேர்ந்து பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக்கிடப்பதும்தான்.

மைஎஸ்கியூஎல் செத்துப்போச்சா இல்லையா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

சாகவில்லை. இன்றும் ஜிபிஎல் 2இல் வெளிவருகிறது. 2008இல் சன் அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. ஆரக்கிள் சன்னை வாங்கவந்தபோது, போட்டித் தரவுதள நிறுவனமே அதை வாங்கலாமா என்று ஐரோப்பிய ஆணையம் 2009 செப்டம்பரில் விரிவான விசாரணை தொடங்கியது. டிசம்பர் 14 அன்று ஆரக்கிள் பத்து வாக்குறுதிகள் கொடுத்தது. வரும் பதிப்புகளையும் ஜிபிஎல்லில் தொடர்வது அவற்றில் ஒன்று. 2010 ஜனவரி 21இல் அனுமதி கிடைத்தது. வாக்குறுதிகளுக்கு ஆயுள் ஐந்தாண்டு. அது முடிந்து இத்தனை ஆண்டு ஆகியும் உரிமம் மாறவில்லை. இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

மாறியது வேறு. 2011இல் த்ரெட் பூல் போன்ற சில வசதிகள் காசு கொடுத்து வாங்கும் எண்டர்பிரைஸ் பதிப்புக்கு மட்டும் என்று ஆனது. 2012இல் சில பிழைதிருத்தங்களுக்கான சோதனை நிரல்கள் பொதுவெளியீட்டில் வராமல் நின்றன. உரிமம் அப்படியே இருக்கும்போதே வெளியாட்களுக்கு வேலை கடினமாவது இப்படித்தான்: எந்தப் பிழைக்காக இந்த வரி மாறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும். மைஎஸ்கியூஎல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மான்ட்டி விடேனியஸ் 2009இலேயே பிரித்தெடுத்த தனிக்கிளை, அதாவது ஃபோர்க், மரியாடிபி. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 (2014), டெபியன் 9 (2017) இரண்டும் மைஎஸ்கியூஎல் இடத்தில் அதை வைத்தன.

மைஎஸ்கியூஎல்லில இருந்து மரியாடிபிக்கு மாறணும். டேட்டா ஃபோல்டரை அப்படியே தூக்கி வெச்சா போதுமா?

மைஎஸ்கியூஎல் 5.5 காலத்தில் அது நடந்தது. 8.0இலிருந்து நடக்காது. 8.0 அட்டவணை விவரங்களை முன்பு இருந்த தனிக்கோப்புகளை விட்டுவிட்டு, தரவைச் சேமிக்கும் இன்னோடிபி பகுதிக்குள்ளேயே வைக்கிறது. மரியாடிபிக்கு அந்த அமைப்பு புரியாது, சர்வர் எழுந்திருக்காது. மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவி கொண்டு எழுத்துவடிவில் எடுத்து, புதிய இடத்தில் ஏற்றுவதே வழி. ஒரே பரிவர்த்தனையாக எடுக்கும் தெரிவையும், ரொட்டீன், டிரிகர், ஈவென்ட் தெரிவுகளையும் சேர்த்துக் கொடுங்கள். ஜிடிஐடி (பரிவர்த்தனை அடையாளம்) வரிகளை எழுதும் தெரிவை அணைத்துவிடுங்கள்; இரண்டின் ஜிடிஐடி வடிவமும் வேறு. ‘மைஎஸ்கியூஎல்’ என்ற கணினித் தரவுதளத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். பயனர்களைப் புதிதாக உருவாக்குங்கள், ஏனென்றால் 8.0இன் இயல்பான கடவுச்சொல் முறையைப் பெரும்பாலான மரியாடிபி பதிப்புகள் ஏற்பதில்லை.

ஏற்றும்போது அடிக்கடி வரும் பிழை: ‘தெரியாத கொலேஷன், யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ’. இது 8.0இன் இயல்பான எழுத்து ஒப்பீட்டு முறை. பழைய மரியாடிபி பதிப்புகளில் இல்லை. டம்ப் கோப்பில் அதை ‘யுடிஎஃப்8எம்பி4_யூனிகோடு_சிஐ’ என்று மாற்றினால் ஏறிவிடும். ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. 0900 முறையில் சொல்லின் கடைசியில் உள்ள வெற்றிடமும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும். யூனிகோடு_சிஐ முறையில் வராது. ‘குமார்’, கடைசியில் ஒரு வெற்றிடத்தோடு ‘குமார் ’ என்ற இரு பதிவுகள் பழைய இடத்தில் வெவ்வேறு. புதிய இடத்தில் ஒன்று. யுனீக் இண்டெக்ஸ் உள்ள அட்டவணையில் ‘இரட்டைப் பதிவு’ என்று ஏற்றம் பாதியில் நிற்கும். டம்ப் எடுப்பதற்கு முன்பே வால் வெற்றிடங்களைத் தேடிச் சரிசெய்யுங்கள். தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் காட்டும் பக்கங்கள் இருந்தால் வரிசை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிரலில் ஜேசான் நெடுவரிசையை அம்புக்குறி கொண்டு எடுக்கும் வினவல்கள் மரியாடிபியில் ஓடாது. ஜேசான்_எக்ஸ்ட்ராக்ட் என்று மாற்றி எழுத வேண்டும். எல்லாவற்றையும் முதலில் ஒரு நகலில் செய்து, ஒவ்வோர் அட்டவணையின் வரி எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பிறகே உண்மையான சர்வரைத் தொடுங்கள்.

ஓபன்ஆபீஸ், லிப்ரேஆபீஸ் ரெண்டும் ஒண்ணுதானா? எதை நிறுவட்டும்?

லிப்ரேஆபீஸை நிறுவுங்கள். இரண்டுக்கும் மூலம் ஒன்று. 2010 செப்டம்பர் 28 அன்று ஓபன்ஆபீஸ் தன்னார்வலர்கள் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். ஆரக்கிளையும் சேர அழைத்தார்கள், பெயரைத் தரும்படி கேட்டார்கள். தரும்வரை தற்காலிகமாக வைத்த பெயர்தான் லிப்ரேஆபீஸ். பெயர் கிடைக்கவில்லை. முதல் நிலையான பதிப்பு 3.3, 2011 ஜனவரி 25 அன்று வந்தது. அறக்கட்டளையைப் பதிவுசெய்ய 50,000 யூரோ தேவைப்பட்டபோது, உலகெங்கும் உள்ள பயனர்கள் எட்டே நாளில் கொடுத்து முடித்தார்கள்.

ஆரக்கிள் 2011 ஜூனில் ஓபன்ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அது 2014இல் வந்த 4.1க்குப் பிறகு அந்த வரிசையின் சிறு திருத்தங்களோடுதான் நகர்கிறது. அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியும் இடம் இது: அப்பாச்சி ஓபன்ஆபீஸ், மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது. லிப்ரேஆபீஸ் இரண்டும் செய்யும். இரண்டின் சொந்த வடிவமான ஓடிஎஃப் கோப்புகள் இரண்டிலும் திறக்கும், பழைய கோப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ரெண்டு குழுவும் ஒருத்தர் நிரலை ஒருத்தர் எடுத்துக்கலாமே, ஏன் சேரல?

உரிமம் ஒருவழிப் பாதையாக அமைந்துவிட்டது. அப்பாச்சி உரிமத்தில் உள்ளதை லிப்ரேஆபீஸ் எடுக்கலாம், எடுத்தது. எம்பிஎல், எல்ஜிபிஎல் உரிமங்களில் உள்ள லிப்ரேஆபீஸ் நிரலை அப்பாச்சி தன் விதிகளின்படி தன் நிரலோடு கலக்க முடியாது. ஆறு நிறையத் தண்ணீர் ஒருபக்கமே ஓடியது.

ஃபோர்க் பண்றப்போ எதுக்குப் பேரை மாத்துறாங்க? பழைய பேரிலேயே போனா எல்லாருக்கும் சுலபம்தானே?

பெயர் வாங்கியவருடையது, அதனால்தான். நிரலில் மாற்றம் வந்ததும் தானாகவே கட்டிச் சோதிக்கும் தொடர் ஒருங்கிணைப்புக் கருவி ஹட்சனை எழுதியவர் சன்னில் வேலைபார்த்த கோசுகே கவாகுச்சி. 2010 கடைசியில் திட்டத்தின் சர்வர்களை எங்கே வைப்பது என்பதில் தொடங்கிய பிணக்கு, பெயர் ஆரக்கிளுடையது என்ற இடத்தில் வந்து நின்றது. 2011 ஜனவரி இறுதியில் வாக்கெடுப்பு: பெயரை மாற்ற 214 பேர், வேண்டாமென்று 14 பேர். அப்படி வந்ததுதான் ஜென்கின்ஸ். இன்று ஜென்கின்ஸ் ஓடும் சர்வரில் பிழை ஒன்று வந்து ஸ்டாக் டிரேஸ் கொட்டும்போது பாருங்கள், வரிக்கு வரி ‘ஹட்சன்.மாடல்’ என்றே தொடங்கும். உள்ளே இருக்கும் பேக்கேஜ் பெயர்களை மாற்றினால் எல்லா பிளகின்களும் உடையும் என்பதால் விட்டுவைத்தார்கள். ஹட்சனைப் பிறகு ஆரக்கிள் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. பயனர்கள் எல்லாம் போய்விட்டதால் அது 2017இல் முடிந்தது.

நிரலைக் கொடுத்துவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, சர்வர் செயலிகளுக்கான ஜாவா தொகுதியான ஜாவா இஇ இருக்கிறது. 2017இல் ஆரக்கிள் அதை எக்லிப்ஸுக்குக் கொடுத்தது, ‘ஜாவா’ என்ற சொல்லைக் கொடுக்கவில்லை. திட்டம் ஜகார்த்தா இஇ ஆனது. 2019இல் பேச்சுவார்த்தை முறிந்ததால் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களையும் தொட முடியாமல் போனது. ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரை 9இலிருந்து 10க்கு ஏற்றியதும் ‘ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் வகுப்பு கிடைக்கவில்லை’ என்று உங்கள் செயலி விழுவதற்குக் காரணம் இதுதான். டாம்கேட் குழு தரும் மாற்றுக்கருவியில் உங்கள் செயலியின் வார் கோப்பைக் கொடுத்தால் பெயர்களை மாற்றித் தரும். டாம்கேட் 10இல் ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ’ அடைவில் போட்டால் தானாகவே மாற்றிக்கொள்ளும்.

ஜாவாவுக்கு இனி காசு கட்டணுமா?

எந்த ஜாவா என்பதைப் பொறுத்தது. ஓபன்ஜேடிகே நிரல் ஜிபிஎல் 2இல் இருக்கிறது, காசு இல்லை. ஆரக்கிள் ஜேடிகே என்பது ஆரக்கிள் கட்டிக்கொடுக்கும் தொகுப்பு. அதன் உரிமம் 2019 ஏப்ரலில் மாறியது, பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். 2021இல் வந்த ஜாவா 17 இலவச நிபந்தனையோடு வந்தது; 2024 அக்டோபர் முதல் அதன் புதுப்பிப்புகளை அலுவலகத்தில் ஓட்டக் கட்டணம். தெரியாமல் ஒரு புதுப்பிப்பைப் போட்டாலே உரிமம் மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஜாவா பதிப்பு கேட்கும் கட்டளையைக் கொடுத்து, வரும் இரண்டாவது வரியைப் படியுங்கள். ‘ஓபன்ஜேடிகே ரன்டைம்’ என்றிருந்தால் திறமூலத் தொகுப்பு. ‘ஜாவா(டிஎம்) எஸ்இ ரன்டைம்’ என்றிருந்தால் ஆரக்கிளின் தொகுப்பு. எக்லிப்ஸ் டெமுரின் அல்லது உங்கள் லினக்ஸ் வழங்கலின் தொகுப்புக்கு மாற்றுங்கள். விர்ச்சுவல்பாக்ஸும் இதே மாதிரி: அடிப்படை ஜிபிஎல், கூடவே தரவிறக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம்.

சோர்ஸ் அப்படியேதான் இருக்கு, ஆனா கன்டெய்னர் இமேஜ் இறங்க மாட்டேங்குது. இது எப்படி நியாயம்?

உரிமம் நிரலுக்கு மட்டும். நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டித் தயாராக்கிய இமேஜை யாரோ ஒருவர் தன் செலவில் வைத்திருந்தார். வைத்தே ஆகவேண்டும் என்று எந்த உரிமமும் சொல்லவில்லை. அப்படி இமேஜ்கள் தந்துவந்த பிட்னாமியை 2019இல் விஎம்வேர் வாங்கியது, விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. 2025இல் பிட்னாமியின் பதிப்பெண்ணிட்ட இலவச இமேஜ்கள் ‘பிட்னாமிலெகசி’ என்ற களஞ்சியத்துக்கு நகர்ந்தன. அங்கே திருத்தங்கள் வராது. இமேஜ்களை நிறுவ உதவும் ஹெல்ம் சார்ட் நிரல்கள் அப்பாச்சி உரிமத்திலேயே தொடர்கின்றன.

இதில் ஆபத்து உடனே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் பாட் (கன்டெய்னர்களின் தொகுதி) ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஓட்டும் இயந்திரமான நோடு ஒன்று விழுந்து, பாட் வேறு நோடுக்குப் போய் இமேஜை இறக்கப் பார்க்கும்போதுதான் நிற்கும், பெரும்பாலும் நள்ளிரவில். களஞ்சியப் பெயரை லெகசிக்கு மாற்றுவது சில வாரங்களுக்கான ஒட்டு. அதற்குள் அந்தந்தத் திட்டம் தானே வெளியிடும் இமேஜுக்கோ, நீங்களே கட்டியதற்கோ மாறிவிடுங்கள்.

சென்ட்ஓஎஸ் 8ஐ 2029 வரைக்கும்னு சொன்னாங்களே, அந்த வாக்கு என்ன ஆச்சு?

அது அறிவிப்பு, ஒப்பந்தம் அல்ல. 2014இலேயே சென்ட்ஓஎஸ்ஸின் பெயரும் முக்கிய ஆட்களும் ரெட்ஹேட்டுக்குப் போயிருந்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, பதிப்பு 8 2021 டிசம்பர் 31உடன் முடியும் என்றார்கள். ஏழு ஆண்டுக்கு மேல் குறைந்தது. சில மாதங்களில் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன.

2023 ஜூனில் ரெட்ஹேட் தன் வழங்கலின் மூலநிரலை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தரத் தொடங்கியது. பொதுவில் கிடைப்பது சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம். ஜிபிஎல்படி பைனரி பெற்றவருக்கு நிரல் தந்தால் போதும், ஊருக்கெல்லாம் தரவேண்டியதில்லை. அதன்பின் அல்மா வரிக்கு வரி நகல் என்ற இலக்கை விட்டு, பைனரி பொருத்தம் (ABI: ரெட்ஹேட்டுக்காகக் கட்டிய நிரல்கள் அப்படியே ஓடுவது) என்பதை எடுத்துக்கொண்டது. பிழைகள் உட்பட ரெட்ஹேட்டைப் போலவே நடக்க வேண்டும் என்றால் ராக்கி, நிரல்கள் ஓடினால் போதும் என்றால் எதுவும் சரி.

வாங்கறதுக்கு முன்னாடியே உரிமத்தை மாத்திட்டா?

சர்வர்களை நிரல் எழுதி அமைக்கும் கருவியான டெராஃபார்ம் அப்படித்தான். அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்ட் 10 அன்று எம்பிஎல்லிலிருந்து பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸுக்கு மாறியது. அதில் நிரலைப் பார்க்கலாம், ஆனால் போட்டிச் சேவை நடத்தக்கூடாது. ஒவ்வொரு பதிப்பும் நான்காண்டு கழித்து எம்பிஎல் ஆகும். 2024 ஏப்ரலில் ஐபிஎம் வாங்குவதாக அறிவித்தது, 2025 பிப்ரவரியில் முடித்தது. 1.5 வரிசையிலிருந்து பிரிந்தது ஓபன்டோஃபு, இப்போது லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ்.

ஃபோர்க் செய்பவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. 2024இல் தங்கள் புதிய நிரலை எடுத்ததாக ஓபன்டோஃபு மீது ஹாஷிகார்ப் குற்றம்சாட்டியது, அவர்கள் வரிவரியாக மறுத்தார்கள். அப்படி மறுக்க முடிய வேண்டுமென்றால், கோட்டுக்குப் பின்னால் வந்த கமிட்டுகளிலிருந்து ஒரு வரியும் எடுக்காமல், ஒவ்வொரு வசதியும் யார், எதைப் பார்த்து எழுதியது என்பதற்குப் பதிவு வைத்திருக்க வேண்டும்.

சரி, செய்தி வந்த வாரம் நான் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை என்ன?

முதல் நாள், களஞ்சியத்தை மிரர் முறையில் முழுதாக குளோன் செய்யுங்கள். எல்லாக் கிளைகளும் டேக்குகளும் வரும். மேலோட்டமான குளோன் உதவாது, பழைய வரலாறு இல்லாமல் ஃபோர்க்கைத் தொடர முடியாது. மிரர் குளோனில் வராதவையும் உண்டு: எல்எஃப்எஸ் கோப்புகள், சப்மாட்யூல்கள், விக்கி, பிழைப் பட்டியல், வெளியீட்டுப் பக்கத்தில் ஏற்றிய தொகுப்புகள். இவற்றைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். பலர் நிரலை எடுத்துவைத்துவிட்டு, பத்தாண்டுப் பிழைப் பட்டியலை இழந்திருக்கிறார்கள்; எந்த வரி ஏன் அப்படி இருக்கிறது என்ற விளக்கமெல்லாம் அதில்தான் இருக்கும்.

அடுத்து, நீங்கள் ஓட்டும் பதிப்பின் இமேஜையும் பேக்கேஜையும் உங்கள் சொந்தக் களஞ்சியத்தில் போட்டு, பெயரைக் கொண்டு அல்லாமல் ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) கொண்டு குறிப்பிடுங்கள். உரிமக் கோப்பைத் தேதியோடு சேமியுங்கள். பிறகு இணையத் தொடர்பில்லாத ஓர் இயந்திரத்தில் அந்த நிரலைக் கட்டிப் பாருங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவார்கள்: பில்ட் ஸ்கிரிப்ட் ஏதோ ஓர் உள்சர்வரிலிருந்து எதையோ இறக்கும். அது எது என்று இன்று தெரிவது, சர்வர் அணைந்த பிறகு தெரிவதைவிட நல்லது.

எப்போ மூட்டையைக் கட்டணும்னு எப்படித் தெரியும்?

அறிக்கைகளை நம்பவேண்டாம், கமிட் பதிவைப் பாருங்கள். தினம் இருபது சிறு கமிட் வந்த இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே பெரிய மூட்டையாக நிரல் வந்தால், வேலை உள்ளே நடக்கிறது, உங்களுக்கு மிச்சம் வருகிறது. வெளியாட்களின் பேட்ச்களுக்குப் பதில் வர ஆகும் நாட்களை எண்ணுங்கள். மேலே மைஎஸ்கியூஎல் பதிலில் சொன்ன சோதனை நிரல்கள் மறைவது வலுவான அறிகுறி. முக்கிய நிரலாளர்களின் மின்னஞ்சல் முகவரி கமிட்டில் மாறுவது அதைவிட வலுவானது: அவர்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் அடுத்த ஃபோர்க் முளைக்கும். லோகோ மாறியதற்கெல்லாம் கிளம்பத் தேவையில்லை.

நல்லபடியா முடிஞ்சதே இல்லையா?

உண்டு. லினக்ஸ் மேசைச்சூழலான கேடிஇ நம்பியிருக்கும் க்யூடி நிரல் நூலகத்துக்காக 1998இலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுவைத்தார்கள்: உரிமையாளர் 12 மாதத்துக்குள் கட்டற்ற பதிப்பு வெளியிடத் தவறினால், கேடிஇ தரப்பு அறக்கட்டளை கடைசிப் பதிப்பை பிஎஸ்டி உரிமத்தில் வெளியிடலாம். க்யூடியை உருவாக்கிய டிரோல்டெக்கை 2008இல் நோக்கியா வாங்கியபோதும், 2012இல் டிஜியாவுக்குப் போனபோதும் அது கூடவே போனது. நோக்கியா 2009இல் எல்ஜிபிஎல்லையும் சேர்த்து உரிமத்தை இன்னும் தாராளமாக்கியது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டுக்குத் திறமூல மாற்றான மோனோவை எழுதிய குழு, அவர்கள் வேலைபார்த்த நோவெல் கைமாறிய 2011இல் மொத்தமாக வேலை இழந்தது. அவர்கள் தொடங்கிய ஸமாரினை 2016இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி மோனோவை எம்ஐடி உரிமத்தில் விட்டது.

எல்லாவற்றிலும் நெகிழவைப்பது முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர். அதை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடியது. முதலீட்டாளர்கள் கேட்டது 100,000 யூரோ. பயனர்கள் ஏழு வாரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள், அக்டோபர் 13 அன்று நிரல் ஜிபிஎல்லில் வந்தது.

நாங்களே ஒரு சின்னத் திட்டம் நடத்துறோம். நாளைக்கு எங்க கம்பெனியை யாராவது வாங்கினாலும் திட்டம் பிழைக்க இப்பவே என்ன செய்யலாம்?

இரண்டாவது கேள்வியில் சொன்ன நான்கையும் இப்போதே பிரித்துவையுங்கள். பதிப்புரிமையை ஒரே இடத்தில் குவிக்காமல் கர்னல் முறைக் கையொப்ப வரியோடு பேட்ச் வாங்குங்கள். பெயரை ஓர் அறக்கட்டளையிடம் பதிவுசெய்து வையுங்கள். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, அப்பாச்சி, எக்லிப்ஸ், லினக்ஸ் அறக்கட்டளை ஆகியவை இதைச் செய்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விதிகள் வேறு. சிறிய திட்டமாக இருந்தாலும் முதலாளிகள் சம்மதிக்கும் காலத்திலேயே க்யூடி மாதிரி ஒரு பக்க ஒப்பந்தம் கேட்டு வாங்குங்கள். விற்பனைப் பேச்சு தொடங்கிய பிறகு யாரும் கையெழுத்திட மாட்டார்கள்.

வெளியீட்டில் கையொப்பமிடும் சாவியும் களஞ்சிய நிர்வாக உரிமையும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும், அந்த இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலைசெய்பவர்களாக இருக்கக்கூடாது. டொமைன் பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரியை இன்றே திறந்து பாருங்கள். அது நிறுவனத்தின் முகவரியாக இருந்தால், கைமாறிய பின் அந்த அஞ்சல்பெட்டி மூடப்படலாம். புதுப்பிப்பு நினைவூட்டல் யாருக்கும் வராமல் போய் டொமைன் காலாவதியாகும். திட்டத்தின் பெயரிலேயே, மூன்று பேருக்காவது போய்ச்சேரும் குழு முகவரி ஒன்றை அங்கே போடுங்கள்.